ஸ்ட்ரோலரும் தாய்மாமன் சீரும்: பிள்ளை வளர்ப்பில் சொகுசுச் செலவு எங்கே போகிறது?

வேளச்சேரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்கழியில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. என் மனைவியின் அலுவலகத் தோழிகள் ஒரு பட்டியலை அன்போடு அனுப்பியிருக்கிறார்கள். குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வெளிநாட்டு ஸ்ட்ரோலர் ஒன்று அறுபதாயிரம் ரூபாய், மெத்தையும் திண்டுகளும் சேர்ந்த மரத்தொட்டில் ஒன்று, கார் சீட், பால் புட்டியைச் சூடாக்கும் கருவி, பிறந்த பத்தாம் நாளில் வீட்டுக்கே வந்து படம் எடுத்துத் தரும் தொகுப்பு, முதல் பிறந்தநாளுக்கு முன்பதிவு செய்ய வேண்டிய அரங்கங்களின் விவரம் என்று அது நீள்கிறது. இருவருமே வேலைக்குச் செல்கிறோம் என்றாலும் வீட்டுக்கடன் தவணை தலைக்கு மேல் நிற்கிறது. என் தாயாரோ, "நீங்களெல்லாம் பழைய சேலைத் தூளியில் வளர்ந்தவர்கள்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கஞ்சன் என்று பெயர் வாங்கவும் விருப்பமில்லை, அடுத்தவர் கண்ணுக்காகக் கடன்படவும் விருப்பமில்லை. இந்தப் பட்டியலில் எது குழந்தைக்கு, எது எங்களுக்கு, எது எங்களைப் பார்ப்பவர்களுக்கு என்று பிரித்தறிய அனுபவமுள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மயிலைப் பாட்டி எழுதியது:

தம்பி, முதலில் வாழ்த்துகள். உங்கள் தாயார் சொன்னதில் பாதியை நானும் ஏற்பேன். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பருத்திச் சேலையைக் கிழித்துத் தைத்த துணிக்கு இணையாகச் சென்னை வெயிலுக்கு எந்தக் கடையிலும் எதுவும் கிடையாது. பால் கொடுக்க, மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடை போதும். ஆனால் ஒரு செலவில் மட்டும் கை சுருக்காதீர்கள். குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தாய்க்கும் வெந்நீர் ஊற்றிவிடும் கைதேர்ந்த ஓர் அம்மாளை முதல் சில மாதங்களுக்காவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எங்கள் தெருவில் அப்படி வந்துகொண்டிருந்தவர் இப்போது நடமாட முடியாமல் இருக்கிறார், அவருக்குப் பின் அந்தத் தொழிலுக்கு யாரும் வரவில்லை. என் பேரனின் அறையில் பொம்மைகளுக்குத் தனி அலமாரி இருக்கிறது. பேறுகாலம் முடிந்து வந்த என் மருமகளுக்கோ வேளைக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட என்னைத் தவிர ஆளில்லை. செலவு செய்ய அவர்களிடம் பணமில்லாமல் இல்லை, ஆளுக்குச் செலவழிப்பதை மட்டும் அவர்கள் வீண்செலவென்று நினைக்கிறார்கள்.

எழும்பூர்ச் செவிலி எழுதியது:

குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாட்டியம்மா சொன்ன பாலாடை நல்லதுதான், ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். ஆனால் குளிப்பாட்டுபவர் மூக்கில் ஊதுவதையும் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதையும் அனுமதிக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவாகிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தம்பியின் பட்டியலில் எனக்குக் கவலை தருவது விலை அல்ல. தொட்டிலின் விளிம்பைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டு, குட்டித் தலையணைகள், மெத்தென்ற போர்வை ஆகியவற்றையெல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாக விற்கிறார்கள், படத்தில் அவை மிக அழகாக இருக்கும். குப்புறத் திரும்பும் சிசுவின் முகம் அவற்றில் புதைந்தால் மூச்சு முட்டிவிடும். அமெரிக்காவில் இத்தகைய திண்டுகளின் விற்பனையை 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் தடை செய்துவிட்டார்கள். உறுதியான, சமமான படுக்கை, இறுக விரித்த ஒரு துணி, மல்லாந்த நிலை ஆகியவை போதும். தூளியில் போட்டாலும் கண்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள், இரவு முழுவதும் விட்டுவிடாதீர்கள்.

அதேபோல் குழந்தையை நடுவில் உட்கார வைத்து உருளவிடும் வாக்கர். கனடா 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்துவிட்டது. இங்கே அது இசை, விளக்கு எல்லாம் சேர்த்துப் பரிசுப் பொருளாக வலம் வருகிறது. மாடிப்படியில் அதோடு உருண்டு தலையில் அடிபட்டு வரும் குழந்தைகளைப் பார்த்தவர்கள் அதைப் பரிசாகக் கொடுக்க மாட்டார்கள். நம் பழைய மூன்று சக்கர நடைவண்டி வேறு வகை. நிற்கத் தெரிந்த பிள்ளை அதைத் தள்ளிக்கொண்டு நடக்கிறது, அதற்குள் உட்காருவதில்லை.

பட்டியலில் கட்டாயம் வாங்க வேண்டியது கார் சீட் மட்டுமே, அதுவும் உங்களிடம் கார் இருந்தால். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமரும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டொழியுங்கள்.

கடற்கரைச்சாலை அம்மா எழுதியது:

இந்த விவாத இழையைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. குடும்பத்தலைவர் எட்டு இலட்சத்துக் காரை விற்றுவிட்டுப் பதினெட்டு இலட்சத்துக் கார் வாங்கும்போது அது தேவையா, ஆடம்பரமா என்று எந்த இழையிலும் யாரும் கேட்பதில்லை. ஒரு தாய் அறுபதாயிரத்துக்கு ஸ்ட்ரோலர் வாங்கினால் மட்டும் பாட்டி முதல் தணிக்கையாளர் வரை அத்தனை பேரும் கணக்குக் கேட்க வந்துவிடுகிறார்கள்.

நான் மூன்று அக்காமார் போட்டுக் கழித்த உடையில் வளர்ந்தவள். பள்ளி ஆண்டுவிழாவுக்குக்கூட எனக்கென்று புத்தாடை இருந்ததில்லை. இன்று நான் சம்பாதிக்கிறேன், என் மகளுக்கு நுங்கம்பாக்கம் காதர் நவாஸ்கான் சாலையில் உடை வாங்குகிறேன், அவளும் நானும் ஒரே துணியில் உடுத்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறோம். இதில் யாருடைய பணமும் கரையவில்லை. குழந்தைக்கு அது புரியாது என்பது எனக்கும் தெரியும். எனக்குப் புரிகிறதே, அது போதாதா? தாயின் மகிழ்ச்சியும் பிள்ளை வளர்ப்பின் ஒரு பகுதிதான்.

விருகம்பாக்கத்துத் தாய்மாமன் எழுதியது:

சகோதரியின் கேள்வி நியாயமானது. நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பிள்ளையை முன்னிறுத்திப் பகட்டுக் காட்டுவது இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பே அல்ல. காதுகுத்துக்கு ஐம்பத்தொரு தட்டுச் சீரோடு, மேளம் முழங்க, கரகாட்டம் முன்னே செல்ல, ஊர் பார்க்கத் தெருவில் நடந்து வந்த தாய்மாமன்களின் வழி வந்தவன் நான். என் அக்காள் பிள்ளைகள் இருவருக்கும் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியபோது நான் வாங்கிய கடனை அடைப்பதற்குள் எனக்கே திருமணமாகிவிட்டது. எனவே, "அந்தக் காலத்தில் எளிமையாக இருந்தோம்" என்று யாராவது எழுதினால் நான் நம்ப மாட்டேன்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை நான் கவனிக்கிறேன். அந்தச் சீரில் வந்த தங்கக் கம்மல், வெள்ளி அரைஞாண், கொலுசு, பித்தளை அண்டா ஆகியவை வீட்டிலேயே நின்றன. முடை வந்தபோது அடகுக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தன. மொய் நோட்டில் யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதியிருந்ததால், அவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் வருத்தம் வரும். நல்லதோ கெட்டதோ, பணம் சொந்தபந்தத்துக்குள்ளேயே சுற்றி வந்தது. இப்போது அரங்கில் நடக்கும் முதல் பிறந்தநாளுக்கு அழைப்பிதழிலேயே அன்பளிப்பைத் தவிர்க்கவும் என்று அச்சிடுகிறார்கள், அது பெருந்தன்மை. ஆனால் பலூன் வளைவுக்கும் மேடை அலங்காரத்துக்கும் கொடுத்த தொகை மறுநாள் காலை குப்பை வண்டியில் ஏறிவிடுகிறது. பகட்டு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று அதற்குக் கொடுத்த விலையில் ஒரு பங்காவது குடும்பத்தில் தங்கியது. எனக்குத் தெரிந்த வேறுபாடு இவ்வளவுதான்.

தணிக்கையாளர் எழுதியது:

என்னைக் கணக்குக் கேட்பவர் வரிசையில் சகோதரி சேர்த்துவிட்டதால், கணக்கையே எழுதிவிடுகிறேன். யார் எதை வாங்க வேண்டும் என்று சொல்வது என் வேலை அல்ல, எப்படிப் பணம் கட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

அறுபதாயிரம் ரூபாய் ஸ்ட்ரோலரை "வட்டியில்லாத் தவணையில்" பன்னிரண்டு மாதம், மாதம் ஐயாயிரமாக வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டு வங்கி எதையும் வட்டியில்லாமல் கொடுப்பதில்லை. ஆண்டுக்கு 16 விழுக்காடு வட்டி என்று கொண்டால், உங்கள் பேரில் எழுதப்படும் கடன் ஏறத்தாழ 55,100 ரூபாய், வட்டி 4,900 ரூபாய். அந்த வட்டியளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி கொடுப்பதால் உங்களுக்கு அது தெரிவதில்லை. வட்டியின் மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரி, அதாவது சுமார் 880 ரூபாய், உங்கள் கணக்கில் தனியே ஏறும். அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம் உண்டு. ரொக்கமாக வாங்குபவர் கேட்டுப் பெற்றிருக்க வேண்டிய 4,900 ரூபாய்த் தள்ளுபடி, தவணை என்ற பெயரில் வங்கிக்குப் போகிறது. பூச்சிய விழுக்காட்டு வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பிறகு பெயர் மாறியது, பழக்கம் மாறவில்லை.

தாய்மாமன் நண்பர் தங்கத்தைச் சொன்னார். பிறப்பது பெண்குழந்தையாக இருந்தால் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள், 250 ரூபாயில் தொடங்கலாம், ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் வரை செலுத்தலாம். 2024 ஜனவரியிலிருந்து அதற்கு 8.2 விழுக்காடு வட்டி தருகிறார்கள். (எந்தக் குழந்தை என்று முன்கூட்டியே அறிந்து கொண்டாடும் மேல்நாட்டு விழாவுக்கு இங்கே இடமில்லை, 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தை வெளிப்படுத்துவது குற்றம். அந்த மட்டில் ஒரு செலவு மிச்சம்.)

கடற்கரைச்சாலை அம்மா எழுதியது:

ஐயாவின் கணக்குக்கு நன்றி. நான் எதையும் தவணையில் வாங்குவதில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இருந்தாலும் அந்த 4,900 ரூபாயை இனி ரொக்கத்துக்குத் தள்ளுபடியாகக் கேட்டுப் பார்ப்பேன்.

அம்பத்தூரில் திருப்பூர்க்காரன் எழுதியது:

பின்னலாடைத் தொழிலில் இருப்பவன் என்பதால் உடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிசுக்களுக்கான உடை பெரும்பாலும் இன்டர்லாக் அல்லது சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி. ஒரே தொழிற்கூடத்தில், ஒரே நூலில், ஒரே தையல்காரரின் கையில் உருவாகும் ஜப்லா, அதில் குத்தப்படும் லேபிளைப் பொறுத்து வேறு வேறு விலைக்குப் போவது எங்களுக்கு அன்றாடக் காட்சி. ஏற்றுமதியில் மிஞ்சியவை பாண்டி பஜார்ப் பக்கம் கிலோக்கணக்கில் வந்து இறங்குகின்றன, அவற்றில் பல இடங்களில் பிராண்டு பெயரைக் கத்தரித்திருப்பார்கள்.

விலையைவிட இரண்டைப் பாருங்கள். உட்புறத்தைத் திருப்பி, கழுத்து லேபிளும் தையல் ஓரமும் தோலில் உரசுகிறதா என்று உங்கள் முழங்கை மடிப்பில் தேய்த்துப் பாருங்கள். சாயத்தில் நச்சு உண்டா என்று சோதித்த ஓக்கோ டெக்ஸ் சான்றில் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கென முதல் வகுப்பு என்று தனியாக இருக்கிறது. அது பெரிய பிராண்டுக்கும் கிடைக்கலாம், பெயர் தெரியாத தயாரிப்பாளருக்கும் கிடைக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உடைக்கு வரி 5 விழுக்காடு, அதற்கு மேல் போனால் 18. பால் புட்டிக்கும் குழந்தை நாப்கினுக்கும் 12லிருந்து 5ஆகக் குறைந்துவிட்டது. ஆறு வாரத்தில் சிறுத்துப்போகும் சட்டைக்கு 18 விழுக்காடு வரி கட்டுவது அவரவர் விருப்பம். பஞ்சு வைத்துத் தைத்த குளிராடையைச் சென்னையில் பிறந்த குழந்தைக்குப் படம் எடுப்பதற்காகப் போடுகிறார்களே, அதை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்தத் துணியைத் தைப்பவர்களே அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அண்ணாநகர் மேற்கு எழுதியது:

இங்கே எல்லோரும் கைக்குழந்தையைப் பற்றியே பேசுகிறீர்கள். சிசுவுக்கு வாங்குவது பெற்றோரின் விருப்பம், பன்னிரண்டு வயதில் கேட்பது பிள்ளையின் வாய். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

என் மகனின் பள்ளியில் சீருடை உண்டு. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்பதற்காகவே சீருடை வந்தது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றி வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சட்டையில் காட்ட முடியாததைத் தண்ணீர் பாட்டிலில் காட்டுகிறார்கள், கைக்கடிகாரத்தில் காட்டுகிறார்கள், விளையாட்டு வகுப்பு நாளில் அணியும் காலணியில் காட்டுகிறார்கள். ஒரு நாள் மாலை வேனிலிருந்து இறங்கிய என் மகன், தன் பாட்டிலில் ஒட்டியிருந்த விலைச்சீட்டின் மிச்சத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தான். விலை குறைவு என்று யாரோ படித்துச் சொல்லிவிட்டார்களாம். முந்நூறு ரூபாய்ப் பாட்டில் அது.

எங்கள் குடியிருப்பில் பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் பதில் பரிசு, பென்சில் பெட்டியில் தொடங்கி, பெயர் பொறித்த பை, பிறகு புளூடூத் ஸ்பீக்கர் என்று ஏறியது. வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் தம் பிள்ளையின் பிறந்தநாள் அன்று ஊருக்குப் போய்விட்டது, காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகே தாய்மார்கள் சிலர் கூடி, பரிசே வேண்டாம், தொட்டியில் ஒரு செடியோ ஒரு புத்தகமோ போதும் என்று முடிவெடுத்தோம். ஒரு வீட்டார் ஒப்புக்கொள்ளவில்லை, அதற்கும் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

கைப்பேசியில் வரும் "அம்மா பக்கங்களை"ப் பற்றியும் ஒரு சொல். பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் புகழ்பவர் அதை வெளிப்படையாக, தாம் பேசும் மொழியிலேயே சொல்லியாக வேண்டும் என்று நுகர்வோர் துறை 2023இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை பத்து இலட்சம் வரை அபராதம் உண்டு. அப்படியிருந்தும் தமிழில் கொஞ்சிப் பேசிவிட்டு, விளம்பரம் என்பதை ஆங்கிலத்தில் மூலையில் பொடி எழுத்தில் போடுகிறார்கள்.

எழும்பூர்ச் செவிலி எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. குழந்தைப் பால்பொடியையும் பால் புட்டியையும் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான உணவையும் விளம்பரம் செய்வதே 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2003இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. அத்தகைய பொருளை அன்பளிப்பாகப் பெற்றுப் புகழும் பக்கத்தைக் கண்டால் அதன் மற்றப் பரிந்துரைகளையும் ஐயத்தோடு பாருங்கள்.

நெறியாளர்:

கடைகளையும் பள்ளிகளையும் பெயர் சொல்லிக் குறை கூறிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. விவாதம் நன்றாகச் செல்கிறது, தொடரலாம்.

குரோம்பேட்டைப் பொறியாளர் எழுதியது:

ஸ்ட்ரோலரைப் பற்றி நடைமுறையில் ஒன்று சொல்ல வேண்டும். அதை எங்கே தள்ளப் போகிறீர்கள்? எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்கு மேல் போட்ட கான்கிரீட் பலகைகளே நடைபாதை. இரண்டு பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் சரியாக இறங்கி நிற்கும். அதைத் தூக்கி எடுத்தால் அடுத்து மின்வாரியப் பெட்டி, அதைச் சுற்றி இறங்கினால் நிறுத்திவைத்த இருசக்கர வாகனங்கள். 2019இல் சீரமைத்த பாண்டி பஜார் நடைபாதை, அண்ணாநகர் கோபுரப் பூங்கா, பெசன்ட் நகர்க் கடற்கரையோரம், பிறகு மால்கள் ஆகிய இடங்களில்தான் அது உருளும். நாங்கள் வாங்கிய ஸ்ட்ரோலர் வெகுநாள் மளிகைச் சாமான் சுமந்தது, குழந்தை என் தோளில் இருந்தது. உங்களுக்கு மால்தான் வாரயிறுதி என்றால் வாங்குங்கள், அதற்கும் ஐந்து கிலோ எடையில் மடக்கி லிஃப்டில் வைக்கக்கூடிய எளிய வகை போதும்.

மயிலைப் பாட்டி எழுதியது:

செவிலியம்மா சொன்ன மூக்கு, காது எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். பத்தியச் சோற்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேளச்சேரிவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவு இருவரும் உட்கார்ந்து இழை முழுவதையும் படித்தோம். கடற்கரைச்சாலை அம்மாவின் பதிவை என் மனைவி இரண்டு முறை படித்தார், பிறகு என் கார் தவணையைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார், அவற்றுக்கு நான் விடை சொல்லியாக வேண்டியிருந்தது.

முடிவு இதுதான். வெளிநாட்டு ஸ்ட்ரோலரும் அரங்கமும் வேண்டாம். தொட்டிலை என் அக்காள் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், திண்டுகள் இல்லாமல். முதல் மூன்று மாதங்களுக்குப் பகலில் உதவிக்கு ஓர் அம்மாளை அமர்த்தப் போகிறோம். பட்டியலில் மிச்சமான தொகையில் பெரும்பகுதி அவருடைய சம்பளத்துக்கே போய்விடும் என்பதைப் பார்த்து நான் சற்றுத் திகைத்தேன், மனைவி திகைக்கவில்லை. பத்தாம் நாள் படத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. என் தாயார் அந்தப் படத்துக்குத் தம் பட்டுச்சேலையை இப்போதே எடுத்து வைத்துவிட்டார் என்பது தனிக்கதை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நண்பர் ஒருவர் தம் மகள் பயன்படுத்திய கார் சீட்டைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். தொட்டிலைப் போல அதையும் வாங்கிக்கொள்ளலாமா?

குரோம்பேட்டைப் பொறியாளர் எழுதியது:

தொட்டிலுக்குப் பொருந்துவது கார் சீட்டுக்குப் பொருந்தாது. ஒருமுறை விபத்தில் இழுபட்ட இருக்கையின் பிளாஸ்டிக் கூட்டில் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம். எனவே அதன் வரலாறு முழுவதும் உங்களுக்குத் தெரிந்தால் மட்டுமே வாங்கலாம். அடிப்புறத்தைத் திருப்பித் தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள், இருக்கைக்கும் காலாவதி உண்டு. ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தர எண் அச்சிட்ட ஆரஞ்சு நிறச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் கார் பின்னிருக்கையின் இடுக்கில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள், அதற்கேற்ற இருக்கையையே தேர்ந்தெடுங்கள். இருக்கையின் எடை, உயர வரம்பை எட்டும்வரை குழந்தை பின்னோக்கியே அமர வேண்டும். நண்பரின் இருக்கையில் இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதியதை வாங்குங்கள். பேறுகாலத்துக்கு ஒரு மாதம் முன்பே அதைக் காரில் பொருத்திப் பழகிக்கொள்ளுங்கள், மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு கையேட்டைப் படிக்க முடியாது.